மஸ்கட் ரோட்டில் கிடந்த சவம்

நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இரணியலில் ஒரு கொத்தனாருக்குச் சாந்துச்சட்டி சுமந்து தொழில் கற்றேன். பிறகு மஸ்கட் போய் இருபத்தாறு வருஷம் டைல்ஸ் வேலை பார்த்தேன். அதில் கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் பதினோரு பேருக்கு மேஸ்திரி. மஸ்கட்டில் பெரிய பெரிய ஆட்களின் வீட்டுத் தரையெல்லாம் நான் போட்டது. அதில் ஒரு கோலிக்குண்டை வைத்துப் பாருங்கள், வைத்த இடத்திலேயே நிற்கும். டிகிரி படித்த இன்ஜினியர்கள் ரசமட்டத்தை வைத்து, குனிந்து, நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கடைசியில் "மேஸ்திரி, நீங்க சொல்லுங்க" என்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அப்படிப்பட்ட என்னை ஒரு பழைய கார் ஏமாற்றிவிட்டது என்று ஊரில் சிலர் பேசித் திரிகிறார்கள். அது பொய். நான் அதைத் தெரிந்தேதான் வாங்கினேன். என்ன தெரிந்தது என்பதில்தான் கொஞ்சம் பிசகு.

வெள்ளை நிறம், ஜப்பான் வண்டி. எனக்கு முன்னால் மூன்று பேர் ஓட்டியிருந்தார்கள். விற்றவர் சாயாக்கடை நடத்திய ஒரு மலையாளி, கடையை முடித்துக்கொண்டு ஊருக்குப் போகிறவர். இந்த வண்டி ஒரு நாள்கூடத் தன்னை வழியில் நிறுத்தியதில்லை என்று சத்தியம் செய்தார். அந்தச் சத்தியத்தில் குறை சொல்ல முடியாது. அவர் அதை வழியில் இறக்கினால்தானே நிறுத்தும்? கடைக்குப் பின்னால் போட்டு வெங்காய மூட்டை அடுக்க வைத்திருந்திருக்கிறார். வாங்கி ஒரு வருஷம் வரைக்கும் பின்சீட்டில் உட்கார்ந்தவன் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கினான்.

அதன் குணம் எனக்குப் பிடிபட ஆறு மாதம் ஆனது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இறங்கிப் போய் பானட்டைத் திறந்து, ஸ்டார்ட்டர் மோட்டார் தலையில் டைல்ஸ் தட்டுகிற ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினால் உயிர் வரும். மூன்றாவது தட்டு தட்டக் கூடாது, கோபித்துக்கொள்ளும். இடதுபக்கப் பின்கதவை உள்ளே இருந்துதான் திறக்க முடியும். இஞ்சின் சூடாகி முள் மேலே ஏறினால், ஹீட்டரைப் போட வேண்டும். வெயிலில் ரோட்டுத் தார் இளகுகிற ஊரில் கார்க்காரன் எதற்கு ஹீட்டரை வைத்தான் என்று நீங்கள் கேட்கலாம். எனக்காகத்தான். ஹீட்டரைப் போட்டால் இஞ்சின் சூடு உள்ளே வந்து நம் மேல் அடிக்கும், இஞ்சின் குளிரும். நாம் வேகுவோம், வண்டி ஓடும். எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதைச் சொல்லித் தர மாட்டார்கள். இவ்வளவு சேட்டையும் செய்துவிட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை சர்க்கார் சோதனைக்குக் கொண்டுபோகும் அன்றைக்கு மட்டும் அது ஞாயிறு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அடங்கி நிற்கும்.

அதை நான் கார் என்று சொன்னதே இல்லை. சவம் என்றுதான் சொல்வேன். எங்கள் ஜில்லாக்காரர்களுக்கு இது புதுசில்லை. மழைக்கு விரியாத குடை சவம். பாதிப் படத்தில் போகிற கரண்ட் சவம். அடுப்பில் பற்றாத பச்சை விறகு சவம். "அந்த சவத்த எங்க வச்சே?" என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு சாமானைத் தேட ஆரம்பிப்பார்கள். யாரும் அழ மாட்டார்கள்.

ஊரில் என் வீட்டுக்காரிக்கு மட்டும் இது சவம் என்று தெரியாது. அவளுக்கு நான் அனுப்பியது ஒரு போட்டோ. வேலை நடந்த ஒரு பங்களா வாசலில் வண்டியைக் கழுவி நிறுத்தி, நசுங்காத வலதுபக்கமாக எடுத்த போட்டோ. நான் கதவில் சாய்ந்து நிற்கிறேன், கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறேன். அவள் நெய்யூர்க்காரி, சபையில் பெண்கள் ஐக்கியத்துக்குச் செயலாளர். அந்தப் போட்டோவை ஐக்கியக் கூட்டத்தில் சுற்றுக்கு விட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். பங்களாவும் என்னுடையது என்று நாலு பேர் நினைத்தார்களாம். நான் மறுக்கவில்லை. யாரும் என்னிடம் நேரில் கேட்கவில்லையே.

பிள்ளைகள் இரண்டு பேரும் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் அவளும் டிவியும்தான். எனக்கு அறுபதை நெருங்கி, சுகரும் வந்துவிட்டது. போதும், வந்துவிடுங்கள் என்று அவள் சொல்ல ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் ஒவ்வொரு தடவையும், இங்கே ராஜா மாதிரி இருக்கிறேன், ஏசி அறை, சொந்தக் கார், ஆட்கள், ஊரில் வந்து என்ன செய்வது என்று தட்டிவிட்டுக்கொண்டே இருந்தேன். உண்மையைச் சொன்னால், ஊருக்குப் போனால் நான் யார்? செயலாளர் அம்மாவின் வீட்டுக்காரர். மஸ்கட்டில் நான் மேஸ்திரி. பதினோரு பேர் என் வாயைப் பார்த்து நிற்பார்கள்.

ஒரு நாள் போனில் அவள் சத்தம் போடாமல் சொன்னாள்.

"நான் ஒரு மாசம் விசிட்டுல வாறேன். நீங்க சொல்லியது மாதிரி ராசா கணக்கா இருந்தா, நான் பிறகு வாயே தொறக்க மாட்டேன். இல்லாட்டா திரும்பி வரும்போ ரெண்டு டிக்கெட்டு. சம்மதமா?"

சம்மதம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? இருபத்தாறு வருஷத்தில் நான் கலங்கியது அன்றைக்குத்தான். அறை பரவாயில்லை, பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம். வண்டியைத்தான் நம்ப முடியாது. ஏர்போர்ட்டில் இருந்து அறை வரை அது ஒழுங்காக ஓடிவிட்டால் நான் மஸ்கட்டில் இருப்பேன். ஓடாவிட்டால் ஊர்.

மூன்று நாள் வேலைக்குப் போகாமல் அதோடு கிடந்தேன். ரேடியேட்டரை அலசினேன். வெங்காய வாசம் போக எலுமிச்சம்பழத்தை அறுத்து சீட்டுக்கு அடியில் வைத்தேன். இரண்டும் சேர்ந்து சாலட் வாசம் வந்தது. கடைசி நாள் ஏர்போர்ட் வரை ஓட்டிப் பார்த்தேன், ஒரு முணுமுணுப்பு இல்லை. அவள் வரும் அன்றைக்கு புதுச் சட்டை போட்டுக்கொண்டு, அவளுக்காக வாங்கிய புதுத் தேங்காய்ப்பூத் துண்டை முன்சீட்டில் விரித்து, கிளம்பினேன். ஜூன் மாதம், பகல் பதினொரு மணி.

ஏர்போர்ட்டுக்குக் கால் மணி நேர தூரத்தில், ஒரு மேம்பாலத்துக்குக் கீழே, புகையோடு நின்றது. ஹீட்டரைப் போட்டேன், தண்ணீர் ஊற்றினேன், சுத்தியலால் தட்டினேன். அன்றைக்கு மூன்றாவது தட்டும் தட்டினேன். ஒன்றுக்கும் அசையவில்லை. தள்ளி ஓரமாக்கி, அவளுக்கு வாங்கிய துண்டை நனைத்து ரேடியேட்டர் மேல் போட்டுவிட்டு, போனை எடுத்தேன்.

அங்கே தமிழ் ஜெபக் கூட்டத்தார் சேர்ந்து ஒரு வாட்ஸாப் குழு வைத்திருந்தோம். திருச்சி, சென்னை, கோயம்புத்தூர் ஆட்கள். எங்கள் ஜில்லாக்காரன் அதில் நான் ஒருவன்தான். எழுதினால் எனக்கு நேரம் பிடிக்கும், பேசித்தான் அனுப்புவேன். வார்த்தைக்கு வார்த்தை எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அதன் பிறகு அதை எனக்கு நூறு பேர் போட்டுக் காட்டிவிட்டார்கள்.

"மக்கா, ஏர்போர்ட் பக்கம் யாராவது இருக்கியளா? சவம் இந்தா பாலத்துக்குக் கீழ ரோட்டோரமாக் கெடக்கு. ஈரத்துணி போட்டு மூடியிருக்கேன். சூடு இன்னும் ஆறல்ல. போலீசு வாறதுக்குள்ள எடுக்கணும், கயிறு இருந்தா கொண்டு வாங்க. எனக்க வீட்டுக்காரி இப்ப வந்து இறங்குவா, யாராவது அவளக் கூட்டணும். அவளுக்கிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க, நானே பக்குவமாச் சொல்லிக்கிடுவேன்."

இதில் என்ன தப்பு? இடம் சொன்னேன், நிலைமை சொன்னேன், என்ன வேண்டும் என்று சொன்னேன். ஆனால் கேட்டவர்கள் என்ன நினைத்தார்கள் என்றால், மேஸ்திரி யாரையோ வண்டியில் அடித்துக் கொன்றுவிட்டு, துணியைப் போட்டு மூடி, போலீஸ் வருவதற்குள் கயிறு கட்டி இழுக்கப் பார்க்கிறார் என்று. குழுவில் அதன் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பானட் மேல் வைத்த போன் சூட்டில் அணைந்துபோய்விட்டது.

முதலில் வந்து சேர்ந்தது எங்கள் ஜெபக் கூட்டத்துப் போதகர். திருச்சிப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷன். கையில் வேதப்புத்தகம், கக்கத்தில் மடித்த ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு. என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கே என்று மெதுவாகக் கேட்டார்.

"இந்தா கெடக்குல்லா" என்று வண்டியைக் காட்டினேன்.

அவர் சுற்றி வந்தார். குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார்.

"பாடி எங்க மேஸ்திரி?"

"பாடிக்கு ஒண்ணும் ஆகல்ல ஐயா. இஞ்சினுதான் போச்சு."

"இல்ல, பாடிய யாராவது எடுத்துட்டுப் போயிட்டாங்களா?"

"யாரு எடுப்பா? இருக்கியதே அதுதான். நல்ல கட்டியான ஜப்பான் பாடி ஐயா."

போதகர் முகம் வெளுத்துவிட்டது. "ஜப்பான்காரரா?" என்றார்.

ஆமாம், சுத்த ஜப்பான், வேறு எந்த நாட்டிலும் இப்படி வராது என்று சொன்னேன். அவர் கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினார். நானும் மூடினேன். அந்நிய தேசத்தில் வந்து கிடக்கும் இந்த ஜீவனுக்காகவும், தூரத்தில் ஒன்றும் அறியாமல் இருக்கும் அதன் சொந்தக்காரர்களுக்காகவும் உருகி உருகி மன்றாடினார். ஒரு வண்டிக்காக ஒரு போதகர் இப்படிக் கண்ணீர் விடுவதை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஜப்பான் கம்பெனிக்காரனைக்கூட விடாமல் ஜெபிக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். ஆமென் சொல்லும்போது இன்னும் நாலு கார்கள் வந்து வரிசையாக நின்றன. ஒருவர் ஐஸ் பெட்டியோடு வந்திருந்தார். இன்னொருவர் அரபி நன்றாகப் பேசுவார், போலீசிடம் பேசுவதற்காக வந்தாராம். கயிறு மட்டும் ஒருத்தரும் கொண்டுவரவில்லை.

அதே நேரம் ஏர்போர்ட்டில் என் வீட்டுக்காரியைக் கூட்டிக்கொள்ளப் போனது குழுவில் உள்ள சென்னைக்காரத் தம்பி, ஒரு ஆபீசில் கணக்கர். நடந்ததைப் பாதி அவனும் பாதி இவளும் எனக்குச் சொன்னார்கள். அவன் பெட்டியைத் தூக்கி வைத்தான், தண்ணீர் பாட்டில் கொடுத்தான், பெருமூச்சு விட்டான். அவர் எங்கே என்று இவள் கேட்டதற்கு, ஒரு வேலையாக இருக்கிறார் என்றான். வழியெல்லாம் பெருமூச்சு. இவள் ஐம்பது பெண்களை வைத்துக் கூட்டம் நடத்துகிறவள், விடுவாளா? துருவித் துருவிக் கேட்டதில் அவன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, அக்கா, மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள், அண்ணன் வண்டியில் ஒருத்தர் அடிபட்டு இறந்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறான். இவள், யார் சொன்னது என்று கேட்டிருக்கிறாள். அவன் என் குரலைப் போட்டுக் காட்டினான். ஒரு தடவை கேட்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாளாம். அதிர்ச்சியில் புத்தி கலங்கிவிட்டது என்று அவன் பயந்துபோனான்.

"தம்பி, எங்க ஊருல செத்தவங்கள நாங்க இப்பிடி ஏச மாட்டோம். உசுரோட இருந்து நம்ம உசுர எடுக்கியதத்தான் சவம்னு சொல்லுவோம். இது அவருக்க காரு" என்றாளாம்.

அவனும் சிரித்தான். ஆனால் அவன் சிரிப்பு முடிவதற்குள் இவள் சிரிப்பு நின்றுவிட்டது என்றும், "போட்டோவுல நின்ன காரா இது?" என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டாள் என்றும் பிறகு என்னிடம் சொன்னான்.

அவர்கள் வந்து இறங்கும்போது நாங்கள் எட்டுப் பேர் வண்டியைச் சுற்றித் தலை குனிந்து நிற்கிறோம். பட்டுச்சேலையோடு இறங்கினாள். யாரையும் பார்க்கவில்லை. இடதுபக்கமாக ஒரு தடவை நடந்தாள், நசுங்கலைத் தடவிப் பார்த்தாள். பானட்டுக்குள் எட்டிப் பார்த்து, துண்டின் ஓரத்தை விரலால் தூக்கினாள். புதுத் துண்டு என்று கண்டதும் என்னைப் பார்த்தாள். அதற்குள் சென்னைக்காரன் மற்றவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டான். போதகர் கையில் இருந்த விரிப்பைப் பின்னால் மறைத்துக்கொண்டார். ஐஸ் பெட்டிக்காரர் அதைத் திறந்து எல்லாருக்கும் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், மனதுக்குள் பெட்டி கட்டிக்கொண்டே.

தம்பியின் காரில் ஏறிக்கொள் என்று அவளிடம் சொன்னேன். மாட்டேன் என்றாள்.

"நீங்க எப்பிடி இருக்கியளுண்ணு பாக்கத்தான வந்தேன். நீங்க போற வண்டியிலதான் நானும் வருவேன்."

அரை மணி நேரம் ஆறப்போட்டு, நாலு கேன் தண்ணீர் ஊற்றியதும் வண்டி கிளம்பியது. ஹீட்டரைப் போட்டேன். ஜூன் மாதப் பகல், மஸ்கட், ஹீட்டர், பட்டுச்சேலை. மடியில் தண்ணீர் கேனை வைத்துக்கொண்டு, நெற்றியில் வழிவதைத் துடைக்காமல், முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள். அறைக்கு வந்து சேரும்போது அவள் கொண்டுவந்த முந்திரிக்கொத்துப் பலகாரம் எல்லாம் ஒன்றாக ஒட்டி ஒரே உருண்டையாக இருந்தது. அதை உடைத்து என் பதினோரு பேருக்கும் கொடுத்தாள்.

அந்த மாதம் நான் அவளை என் தரைகளைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். கோலிக்குண்டும் வைத்துக் காட்டினேன். அது அசையாமல் நின்றது. தரை நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் எல்லாம் மற்றவர்கள் வீட்டுத் தரை என்றாள். நான் கோலிக்குண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். கடைசி வாரம் இரண்டாவது டிக்கெட்டைப் பற்றிப் பேச்சு எடுத்தாள். நான் தோற்றது தோற்றதுதான். ஆனால் டைல்ஸ்காரன் மூலையில் வெட்டித்தான் பொருத்துவான். நான் ஒரு துண்டு வெட்டிப் பார்த்தேன்.

"ஏட்டி, இந்த வண்டி ஓடுத வரைக்கும் நான் இங்க இருக்கேன். இது ஒரேயடியா நின்ன அன்னைக்கு நான் ஊருக்கு வந்திருவேன். வேதப்புத்தகத்துல கை வச்சுச் சொல்லியேன்."

அவள் ஜன்னல் வழியாகக் கீழே நின்ற வண்டியைப் பார்த்தாள். கிறிஸ்மஸ் தாண்டாது என்று கணக்குப் போட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. சம்மதித்தாள், புத்தகத்தையும் எடுத்து நீட்டினாள்.

அவளுக்கு என்னைத் தெரியும், என் பிடிவாதத்தின் ஆழம் தெரியாது. அவள் விமானம் ஏறிய மறுநாளே ரேடியேட்டரை மாற்றினேன். பிறகு ஸ்டார்ட்டர் மோட்டார். பிறகு இஞ்சினையே மாற்றினேன். எவ்வளவு செலவு என்று அவளிடம் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்ல மாட்டேன். மூன்று கிறிஸ்மஸ் தாண்டியது. வண்டி கல்யாணப் பெண் மாதிரி அடக்கமாக ஓடியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் வீடியோவில் வந்து, வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்வாள். நான் போனை பானட் பக்கம் காட்டிச் சாவியைத் திருப்புவேன். முதல் திருப்பிலேயே பிடிக்கும். நான் மீசையைத் தடவுவேன்.

ஒரு ஞாயிறு சாவியைத் திருப்புவதற்கு முன்னால் தற்செயலாகப் போனைப் பார்த்தேன். அவள் திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்து, மூச்சை அடக்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். இஞ்சின் பிடித்தது. அவள் நேராக உட்கார்ந்தாள். "ம், ஓடுது" என்றாள். மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அந்த முகத்தோடு எனக்கு இரண்டு வாரம் வேலை ஓடவில்லை. தரையில் ஒரு டைல் மட்டம் தப்பி, இன்ஜினியர் கண்டுபிடித்து என்னிடமே காட்டினான். அதுவும் நடந்தது, ஒளிக்கவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு கடற்கரை ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். வண்டி வெண்ணெய் மாதிரிப் போனது. ஓரமாக ஒதுக்கி, சாவியைத் திருப்பி எடுத்தேன். வண்டி நின்றது. அங்கேயிருந்தே அவளுக்குப் போன் போட்டு, வண்டி நின்றுபோச்சு என்று சொன்னேன். அது பொய் இல்லை. அன்றைக்கு மாலையே சாவியை என் ஆட்களில் மூத்தவனிடம் கொடுத்தேன். அதன் பிறகு அந்த வண்டியில் நான் ஏறவில்லை. ஒரேயடியாக என்றால் ஒரேயடியாகத்தான்.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு வாடகைக் கார் பிடித்து வந்திருந்தாள். என் பெட்டிகளைப் பின்னால் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். நெய்யாற்றின்கரை தாண்டுகிற வரை ஊர்க்கதைதான் பேசினாள். அதன் பிறகுதான் ஆரம்பித்தாள். எங்கே வைத்து நின்றது என்று கேட்டாள். சொன்னேன். முள் ஏறியதா? இல்லை. புகை? இல்லை. தண்ணீர் ஊற்றிப் பார்த்தீர்களா? தண்ணீரால் ஆகிற காரியம் இல்லை என்று சொன்னேன்.

"தானா நின்னுதா, நீங்க நிறுத்தினியளா?"

எத்தனையோ இன்ஜினியர்களிடம் கேள்வி வாங்கியிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை ஒருத்தனும் கேட்டதில்லை.

"நின்னுது" என்றேன்.

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அது சிரிப்பா மற்றதா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் போனபிறகு முன்னால் குனிந்து டிரைவரிடம் சொன்னாள்.

"தம்பி, பைய போனா போரும். ஒரு அவசரமும் இல்ல."